நாக்கில் வைத்த மண்

அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். மொட்டை மாடியில் ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவில் ஒரு கையில் போனும் மறுகையில் கத்தரிக்கோலுமாக நின்றிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். தரை அதற்குள் சுடத் தொடங்கியிருந்தது. பதினைந்து மாதப் பிள்ளை முகிலன் எனக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு தொட்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"துளிர் வந்துருக்கா?" என்று கேட்டார் அப்பா.

"வந்துருக்குப்பா. நீங்க கொண்டாந்த மண்ணு போட்ட பெறகு ஒரு இலகூட கருகல."

"கருகாது. வேர்ப்புழுவும் வராது, கரையானும் அண்டாது. ஒரு கை குருணையும் சேத்துல்லா கலந்து கட்டுனேன்."

அப்பா நெல் விவசாயி. தாமிரபரணிப் பாசனத்தில், ஏரல் பக்கத்துக் கிராமம். அவருக்குக் குருணை என்றால் உடைந்த அரிசி இல்லை. நாற்றங்காலில் மணலோடு கலந்து தூவுகிற குருணை மருந்து. அதைத் தூவிய வயலில் மூன்று நாளைக்கு வாத்து மேய்க்க விடமாட்டார்கள். நான் சிறுமியாக இருந்தபோது அந்தப் பக்கம் போனாலே எங்களை அடிப்பார் அப்பா.

"எந்த மண்ணுலப்பா?"

"உனக்குக் கொண்டாந்த மண்ணுலதாம்."

அப்போது முகிலன் திரும்பினான். உதட்டிலும் முகவாயிலும் ஈர மண். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "த்தூ" என்றான்.

கத்தரிக்கோல் என் காலில் விழுந்தது. அந்த வடு இப்போதும் இருக்கிறது. அன்று அது வலித்ததா என்று நினைவில்லை.

வாசகிகள் கேட்டது

போன வாரம் மொட்டை மாடிக்குத் தண்ணீர் சுமந்த கதையை எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். தூத்துக்குடியில் ரோஜா வளர்க்க மண் எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்?

இந்தத் தொடரைத் தொடங்கியதிலிருந்து அந்தக் கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். பதில் சொன்னால் அன்று ஆஸ்பத்திரியில் நான் சொல்லாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். நான் சொல்லாமல் விட்டதன் பழியை இரண்டரை வருடமாக அப்பா சுமக்கிறார்.

பனியைத் தாங்கும் செடி

பிள்ளை பிறந்ததும் ஆசிரியை வேலையை விட்டேன். இவர், என் கணவர், துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறார். ஷிப்ட் வேலை. நாள் முழுக்க நானும் பிள்ளையும்தான். கீழ் வீட்டில் வீட்டுக்காரர் செலஸ்டின் அக்கா. அவருடைய கணவர் கப்பலில் வேலை பார்ப்பவர். வருடத்தில் நான்கு மாதம்தான் வீட்டில் இருப்பார்.

ஒரு நாள் தெருவில் வேனில் ஒருவர் ரோஜாச் செடி கொண்டுவந்தார். கொடைக்கானலுக்கும் மேலே, பாறையிடுக்கில், உறைபனியில் வளர்கிற ரகமாம். "பனி கொட்டி இல எல்லாம் உதிர்ந்தாலும் சாகாதும்மா. வேரு பாறையப் பிடிச்சிக்கிட்டு நிக்கும்" என்றார்.

பாறையையும் பனியையும் தாங்குகிற செடிக்கு எங்கள் வெயில் எம்மாத்திரம் என்று நினைத்தேன். எங்கள் மனையும் பாறைதானே. இரண்டடி தோண்டினால் சிப்பியும் கடற்பாறைத் துண்டுமாக வரும். ஐந்து செடி வாங்கினேன்.

படித்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மலையில் பனிக்காலம் என்று ஒன்று வந்து போகிறது. அந்த மாதங்களில் செடி உறங்கிவிட்டுப் பிறகு எழுந்துகொள்கிறது. இங்கே உப்புக்குப் பருவம் கிடையாது. கடலிலிருந்து வருகிற கொண்டல் காற்று எல்லா நாளும் அதை இலையில் பூசிவிட்டுப் போகும். காற்று துறைமுகத்துப் பக்கமிருந்து அடித்தால் கரித்தூளும் சேரும். இலையின் ஓரம் முதலில் பழுக்கும், பிறகு பொரித்த அப்பளம்போல் நொறுங்கும். காலையில் ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்துப் பார்த்தேன். செலஸ்டின் அக்கா கீழிருந்து அண்ணாந்து பார்த்து, "பிள்ளைக்கு மூஞ்சி தொடச்சாச்சா, இல்ல செடிக்கு மட்டுந்தானா?" என்பார்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று செய்தேன். எங்கள் ஊரில் குடிதண்ணீர் சுத்திகரிக்கிற மெஷின் இல்லாத வீடு குறைவு. ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்கு அது இரண்டு குடத்தை வெளியே தள்ளும். வீணாகிறதே என்று அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துச் செடிக்கு ஊற்றினேன். ஊரின் உப்பையெல்லாம் திரட்டி அதுதான் வெளியே தள்ளுகிறது என்பது என் மண்டையில் ஏறுவதற்குள் மூன்று செடி போய்விட்டது. தொட்டி மண்ணின் மேல் உப்பளத்துப் பாத்திபோல வெள்ளையாகப் பூத்திருந்தது.

மிச்சம் இரண்டு. அவற்றுக்காகத்தான் அப்பா மண் கொண்டுவந்தார். உரச் சாக்கில் வண்டல் மண். பஸ்ஸில், கண்டக்டரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு மூட்டை.

நாக்கு விஷயம் இங்கேதான் வருகிறது. தண்ணீர் லாரி வந்தால் குழாயைத் தொட்டியில் விடுவதற்கு முன்னால் ஒரு சொட்டை நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பது எங்கள் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் பழக்கம். மூன்று செடி செத்த பிறகு நான் மண்ணுக்கும் அதையே செய்யத் தொடங்கினேன். தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கு நுனியில் வைப்பேன். கரிக்கிறதா என்று பார்ப்பேன். த்தூ என்று துப்புவேன்.

இடுப்பில் இருந்த பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் இறங்கி, தானும் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்து, "த்தூ" என்றான். சத்தம் மட்டும்தான். துப்பத் தெரியாது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முகில் குட்டி, கரிக்குதா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினான். மறுபடி செய்யச் சொல்லிப் போனில் வீடியோ எடுத்தேன். இவர் வந்ததும் காட்டலாம் என்று வைத்திருந்தேன்.

அந்த வீடியோவில் என் குரல் இருந்தது. "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று.

ஸ்கூட்டரில்

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது வாயில் விரலை விட்டுத் துழாவினேன். கொஞ்சம் மண் வந்தது. மிச்சம் உள்ளே போனதா, அவ்வளவுதான் இருந்ததா, தெரியவில்லை. செலஸ்டின் அக்கா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதில் பாதிகூட அவருக்குப் புரிந்திருக்காது. கையை நைட்டியிலேயே துடைத்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"வாந்தி எடுக்க வைக்கட்டுமா அக்கா? உப்புத் தண்ணி குடுக்கட்டுமா?"

"உன் வைத்தியத்த ஒண்ணும் பண்ணாத. ஏறு."

வழியெல்லாம் அவர் மாதாவையும் லாரிக்காரர்களையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டே போனார். "மாதாவே, பிள்ளையக் காப்பாத்து. ஏலே, லாரிய ஓட்டுதியா, கப்பல ஓட்டுதியா? ஒதுங்குல! மாதாவே…"

முகிலனுக்கு ஸ்கூட்டர் என்றால் கொண்டாட்டம். கையைத் தட்டினான். அவன் வாயிலிருந்து எச்சில் ஒழுகி என் தோளை நனைத்தது.

எச்சில், வியர்வை, கண்மணி

டாக்டர் அம்மாவிடம் மருந்தின் வகையைச் சொன்னேன். அப்பாவிடம் கேட்டுச் சொன்னேன். சரியாகச் சொன்னால், அப்பாவால் பேச முடியவில்லை. ஊரில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கிப் பாக்கெட்டில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

டாக்டரின் முகம் மாறியதைப் பார்த்தேன். அவர் நிதானமாகத்தான் பேசினார். "மூணு விஷயம் பாக்கணும். எச்சில் அதிகமா வடியுதா? ரொம்ப வேர்க்குதா? கண்மணி சுருங்குதா? இதுல ஏதாவது தெரிஞ்சா உடனே மாத்து மருந்து போடணும். தெரியலேன்னா சாயங்காலம் வரைக்கும் வச்சிப் பாக்கலாம்."

பல் முளைக்கிற பிள்ளைக்கு எச்சில் எப்போது வடியாமல் இருந்தது? காலையிலிருந்தே வடிந்துகொண்டிருந்தது. சித்திரை வெயிலில் ஸ்கூட்டரில் வந்திருக்கிறான், சட்டை நனைந்திருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பினால் கண்மணி கடுகாகச் சுருங்கியது. இந்தப் பக்கம் திருப்பினால் விரிந்தது. விரிந்ததா? முன்பு எவ்வளவு இருந்தது? பெற்ற பிள்ளையின் கண்மணி எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை அவன் முகவாயைத் துடைத்தேன். நர்ஸ் என் கையைப் பிடித்து, "தொடைக்காதீங்கம்மா, எவ்வளவு வருதுன்னு எங்களுக்குத் தெரியணும்" என்றார். அதற்குப் பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, எச்சில் ஒவ்வொரு சொட்டாக அவன் சட்டையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு முன்னாடி மண்ணு தின்னுருக்கானா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொன்னதில்லை. அந்தச் சொல்லுக்கு என்னைக் காப்பாற்றுகிற வேலை இருந்தது, அது தானாக வெளியே வந்தது. அந்த நேரத்தில் இவரும் வந்துவிட்டார். மஞ்சள் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. முகமெல்லாம் தூசி. கிரேன் கேபினில் போன் எடுக்க முடியாது. மேற்பார்வையாளர் கீழே நின்று கைகாட்டி இறக்கியிருக்கிறார்.

"என்ன ஆச்சு?"

"அப்பா மண்ணுல மருந்து கலந்துருக்காரு. தெரியாம…"

என் வாக்கியம் அப்படித்தான் தொடங்கியது. அப்பாவில்.

அழித்தது

இவர் பால் வாங்கப் போன நேரத்தில் போனை எடுத்து அந்த வீடியோவை அழித்தேன். அழித்தவை தங்கும் பெட்டிக்கும் போய் அங்கேயும் அழித்தேன். என் பிள்ளை கட்டிலில் கிடக்கிறான், நான் போனைத் துப்புரவாக்கிக்கொண்டிருக்கிறேன்.

அழித்து முடித்த பிறகுதான் உறைத்தது. இத்தனை நாளும் அந்தத் தொட்டி மண்ணை நானும் நாக்கில் வைத்திருக்கிறேன். அன்று காலையிலும் வைத்தேன். அவனும் பத்து நாளாக வைத்திருக்கிறான். டாக்டருக்கு அது தெரிய வேண்டாமா? நான் ஒளிப்பதால் மருந்து தப்பாகப் போய்விட்டால்?

டாக்டரின் அறைக்கு ஓடினேன். செலஸ்டின் அக்கா வாசலில் நின்றிருந்தார். அவரைத் தள்ளாத குறையாக உள்ளே போய், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். நாக்கு, சிட்டிகை, பத்து நாள், த்தூ.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. உட்காரச் சொல்லி என் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நாடி பார்த்தார். "தலை சுத்தல், வயித்து வலி எதுவும் உண்டா? இல்லையா? சரி. பத்து நாள் தண்ணி ஊத்துனதுல மருந்து கொஞ்சம் கரைஞ்சி எறங்கியிருக்கலாம். மேல் மண்ணுல குறைவா இருக்கலாம். நம்பிட முடியாது. ஆனா நீங்க சொன்னது நல்லதுக்குத்தான்" என்றார்.

வெளியே வந்தேன். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் கேட்டுதா அக்கா?"

"ஒண்ணும் கேக்கல. எனக்கு இந்தக் காது மந்தம்" என்றார். அக்காவுக்கு இரண்டு காதும் கூர்மை. தெருமுனையில் மீன்காரர் சைக்கிளைத் திருப்புவது அவருக்குக் கேட்கும்.

அப்பா வந்தார்

மதியம் இரண்டு மணிக்கு அப்பா வந்தார். வயலில் கட்டியிருந்த வேட்டியோடு, செருப்பில்லாமல். பஸ் நிலையத்திலிருந்து அந்தத் தார் ரோட்டில் நடந்தே வந்திருக்கிறார். வார்டு வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை.

இவர் எழுந்து போனார். இவர் யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அன்றும் உயர்த்தவில்லை. அதனால்தான் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"மாமா, பிள்ள இருக்க வீட்டுக்கு வெசத்த மூட கட்டியா குடுப்பாங்க?"

"தப்புதாம் மாப்ள."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லிருக்கணும். தப்புதாம்."

நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பத்தடிதான் தூரம். எழுந்து போய், அவன் மண் தின்றது என்னால், நான்தான் பழக்கினேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பிள்ளை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தான். எழுந்தால் விழித்துக்கொள்வான் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் டாக்டர் வந்து மறுபடி கண்ணைப் பார்த்தார், மார்பில் குழலை வைத்துக் கேட்டார். "ஒண்ணும் ஆகல. எதுக்கும் நாளைக்குக் காலைல போங்க" என்றார். செலஸ்டின் அக்கா அங்கேயே முழங்காலிட்டார். இவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வாசலைப் பார்த்தேன். அப்பா நின்ற இடத்தில் இல்லை. எங்கள் வீட்டுக்குப் போயிருந்தார்.

மறுநாள் வீட்டுக்கு வந்தபோது மொட்டை மாடி கழுவி விட்டிருந்தது. இரண்டு செடியையும் பிடுங்கி, வேர் மண்ணைத் தண்ணீரில் அலசி, வாளியில் நிறுத்தி வைத்திருந்தார். மண் முழுவதையும் சாக்கில் அள்ளி, ஆடுமாடு வாய் வைத்துவிடக் கூடாது என்று இரட்டைச் சாக்காகக் கட்டி, ஊருக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டார். அதில் ஒரு செடி பிழைத்தது. அதைப் பற்றிப் பிறகு நிறைய எழுதினேன். எப்படிப் பிழைத்தது என்று வாசகிகளுக்குப் பெருமையாகவும் எழுதினேன்.

அதற்குப் பிறகு அப்பா எங்கள் வீட்டில் தங்கியதில்லை. முகிலனுக்குக் காது குத்தினபோது வந்து, சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிவிட்டார். அரிசியும் வாழைத்தாரும் கண்டக்டர் கையில் வரும். இவர் அவரிடம் மரியாதைக் குறைவாக அதற்குப் பிறகு ஒரு சொல்கூடப் பேசியதில்லை. ஆனால் அரிசி வந்தால் ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். நான் பார்க்காதபோது.

ஞாயிற்றுக்கிழமை

இதுவரை எழுதியதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவரிடம் கொடுத்தேன். பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன்னால் பிழை பார்க்கச் சொல்லித் தருவது வழக்கம். அடுக்களையில் நின்று தாள் புரளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்காவது தாளுக்குப் பிறகு சத்தம் வரவில்லை.

"அக்காவுக்குத் தெரியும்" என்றார்.

"ம்."

"டாக்டருக்குத் தெரியும்."

"ம்."

"உங்க அப்பாவுக்கு?"

"தெரியாது."

தாள்களை மடித்து வைத்தார். பிறகு சட்டையை மாட்டினார். "கெளம்பு. பிள்ளையையும் கூட்டிக்கோ. நீ சொல்ல வேண்டியத நீ சொல்லு. நான் சொல்ல வேண்டியத நான் சொல்லுதேன்."

வண்டியில் ஊருக்குப் போனோம். அப்பா வயல் வரப்பில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் பதறி எழுந்து, "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லல்லா?" என்றுதான் முதலில் கேட்டார்.

இவர் நேராகப் போய் அவர் முன்னால் நின்றார். "மாமா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் பேசுனது தப்பு" என்றார். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீங்க என்ன மாப்ள தப்பாப் பேசுனிய? சாப்டீயளா?" என்றார்.

பிறகு நான் சொன்னேன். வீடியோவை அழித்தது வரைக்கும் சொன்னேன்.

அப்பா சிரித்து மன்னித்துவிடுவார் என்று வண்டியில் வரும்போது நினைத்திருந்தேன் போலிருக்கிறது. அவர் என்னை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"மருந்து கலந்தது நாந்தாம். அது மாறாது" என்றார். "ஆனா அன்னைக்கே சொல்லிருந்தா என்னளா? இந்தக் கையால சோறு உருட்டும்போதெல்லாம், இது பேரன் வாயில வெசம் போட்ட கைன்னு நெனச்சிட்டே தின்னேன். ரெண்டரை வருசம். அவன ஒரு தடவ தூக்கிருப்பனா? நீ பாத்துட்டுத்தான இருந்த?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காது குத்துக்கு மடியில் வைக்கச் சொன்னபோது, இடுப்பு வலி என்று ஒதுங்கிப் போனார். நான் நம்பியதுபோல் இருந்துவிட்டேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தார். இவர் என் பக்கம் திரும்பவில்லை. முகிலன் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாய்க்கால் மதகு வரைக்கும் போய், அங்கே கல்லில் அப்பா உட்கார்ந்தார். முதுகுதான் தெரிந்தது. மடை திறந்த தண்ணீர் பக்கத்து வயலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்த வயல் நிறைந்து வரப்பைத் தொடும் வரைக்கும் அவர் அசையவில்லை.

பிறகு, திரும்பிப் பார்க்காமலே, சத்தமாகச் சொன்னார்.

"பயல இங்கன அனுப்பு."

என்னைக் கூப்பிடவில்லை. விரலை விடுவித்து, அவனை அனுப்பினேன்.